திண்டுக்கல் வீட்டுக்கு ஒரு ரூல், மயிலாப்பூர் ஃபிளாட்டுக்கு ஒரு ரூலா? உயிலும் புரோபேட்டும்!

ஒரு சின்ன கணக்கோட ஆரம்பிக்கலாம்.

ஒரு அப்பா. நாகல் நகர்ல சொந்த வீடு, ஒட்டன்சத்திரம் பக்கம் 2 ஏக்கர் தோட்டம், மயிலாப்பூர்ல ஒரு ஃபிளாட். எல்லாத்தையும் அம்மா பேர்ல உயில் எழுதிட்டு காலமாகிட்டார். அம்மா கோர்ட்டுக்குப் போகணுமா?

புரோபேட் என்றால், "இந்த உயில் உண்மையானதுதான்" என்று நீதிமன்றம் தரும் சான்று. அது கட்டாயமா இல்லையா என்பதை இத்தனை வருஷமும் முடிவு பண்ணது ஊர்தான்!

பழைய ரூல்

1925-ம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, சென்னை, மும்பை, கொல்கத்தா ஐகோர்ட்டுகளின் நேரடி சிவில் எல்லைக்குள் ஒரு இந்து எழுதிய உயிலுக்கு புரோபேட் கட்டாயம். உயிலை எங்கே எழுதியிருந்தாலும், அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு, நிலத்துக்கும் கட்டாயம்.

அதாவது நாகல் நகர் வீட்டுக்குத் தேவையில்லை, மயிலாப்பூர் ஃபிளாட்டுக்குத் தேவை. இன்னொரு வேடிக்கை: சென்னையில மகள் வீட்டுக்குப் போயிருந்தப்ப அங்கேயே உயில் எழுதியிருந்தா, ஒட்டன்சத்திரம் தோட்டத்துக்கும் சேர்த்து புரோபேட் வாங்கணும்! முஸ்லிம்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. கிறிஸ்தவர்களுக்கு 2002 திருத்தத்தில் நீக்கினார்கள்.

இப்போ என்ன மாறியிருக்கு?

2025 டிசம்பரில் வந்த திருத்தச் சட்டம், இந்தக் கட்டாயத்தைச் சொன்ன 213-ம் பிரிவையே நீக்கிவிட்டது. ஆனா புரோபேட்டே ஒழிஞ்சு போச்சுன்னு நினைக்காதீங்க. விரும்பினால் இப்பவும் வாங்கலாம். உடன்பிறந்தவங்க "இது அப்பா கையெழுத்தே இல்ல"ன்னு கிளம்பினா, உங்களுக்குப் பலமான பாதுகாப்பு அதுதான்.

எந்த கோர்ட்?

இறந்தவர் கடைசியாக நிரந்தரமாக வசித்த இடம், அல்லது அவருடைய சொத்து இருக்கும் இடம். இதில் எந்த மாவட்ட நீதிமன்றத்திலும் மனு போடலாம். நம்ம உதாரணத்தில் அம்மா திண்டுக்கல்லிலேயே போடலாம். அந்த உத்தரவு தமிழ்நாடு முழுக்க செல்லும். பெங்களூரிலும் சொத்து இருந்தால் ஐகோர்ட்டுக்குப் போவது நல்லது. ஐகோர்ட் உத்தரவு இந்தியா முழுக்க செல்லும்.

பையன் அமெரிக்காவிலா?

அங்கே நாடு முழுக்க ஒரே புரோபேட் கோர்ட் கிடையாது. நியூயார்க்கில் சரோகேட்ஸ் கோர்ட், கலிஃபோர்னியாவில் சுப்பீரியர் கோர்ட் என்று மாநிலத்துக்கு மாநிலம் வேறு. குடியிருந்த மாநிலத்தில் ஒரு வழக்கு, வேறு மாநிலத்தில் சொந்தப் பெயரில் வீடு இருந்தால் பொதுவாக அங்கேயும் ஒன்று. அதனால் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் எந்த மாநிலத்தில் என்ன சொத்து என்று எழுதி வைக்கணும்.

இன்னைக்கே செய்ய வேண்டிய மூணு விஷயம்

1. உயிலில் இரண்டு சாட்சிகள் கையெழுத்து அவசியம். உங்களைவிட வயசு குறைஞ்சவங்களா, உயிலில் பங்கு இல்லாதவங்களா பாருங்க.

2. உயிலை நிறைவேற்றுபவர் யார் என்று பெயர் போடுங்க. புரோபேட் அவருக்குத்தான் கிடைக்கும்.

3. பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் ஆபீஸில் பதிஞ்சு வைங்க. உயில் தொலைஞ்சு போச்சுங்கிற பேச்சுக்கே இடமிருக்காது.

ஏற்கெனவே கோர்ட்டில் மனு நிலுவையில் இருந்தால், அதை வாபஸ் வாங்கும் முன் உங்க வக்கீலைக் கேளுங்க. அப்பா, அம்மாவிடம் இந்தப் பேச்சை எடுக்க சங்கடமா இருக்கா? இந்தக் கட்டுரையை அனுப்பிட்டு, அப்புறம் பேசுங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்!