கிச்சன் ஷெல்ஃபுக்கு நீங்களே கதவு போடப் போறீங்களா? சிலிண்டர் இருக்கும் இடத்தை மறக்காதீங்க!

பல வீடுகளில் சமையல் மேடைக்குக் கீழே கடப்பா கல் தட்டுகள் ஏற்கெனவே இருக்கும். அவற்றை இடிக்க வேண்டியதில்லை. முன்பக்கம் மரச்சட்டம் பொருத்தி, கதவு போட்டாலே மாடுலர் கிச்சன் லுக் வந்துவிடும். டிரில் மெஷினும் இஞ்ச் டேப்பும் பொறுமையும் இருந்தால் நீங்களே செய்யலாம். ஆனால், இந்த மூன்றிலும் கோட்டை விடாதீங்க.

எந்த பிளைவுட்?

விலை குறைவு என்று எம்.ஆர். ரகம் வாங்காதீங்க, சமையலறை ஈரத்தை அது தாங்காது. முக்கியமாக, சிங்க்குக்குக் கீழே ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்தான் சரி. 'வாட்டர் ப்ரூஃப்' என்று கடையில் சொன்னாலும், பலகையில் முத்திரையைப் பாருங்க.

ஊறுவது எங்கே?

மேலே மைக்கா ஒட்டினாலும், வெட்டிய ஓரம் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். பலகை உப்புவது அங்கேதான் தொடங்கும். நான்கு ஓரத்துக்கும் எட்ஜ் பேண்ட் ஒட்டுங்க. தரையைத் தொடாமல் கதவை மாட்டுங்க.

சிலிண்டருக்குக் கதவு போடலாமா?

சமையல் காஸ் காற்றைவிட கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். கதவு இறுக்கமாக மூடியிருந்தால் வாசனையும் சீக்கிரம் வெளியே வராது. அதனால் கதவின் அடியிலும் மேலேயும் காற்றோட்டத் திறப்பு கட்டாயம். ரெகுலேட்டர் சட்டென்று கைக்கு எட்ட வேண்டும். உள்ளே பிளக் பாயின்ட் கூடாது. டிரில் போடும் முன் சிலிண்டரை வெளியே எடுத்துவிடுங்க.

திறப்பு வைத்தால் அழகு கெடும் என்று தோன்றினால், அந்த ஒரு இடத்தை மட்டும் கதவில்லாமல் விட்டுவிடலாம், தப்பே இல்லை.