அவசரகாலக் கட்டட வரைபடம்

அவசரகாலக் கட்டட வரைபடம் என்பது பள்ளி, மருத்துவமனை, திருமண மண்டபம், கோயில் போன்ற பொதுக் கட்டடங்களின் வாயில்கள், படிக்கட்டுகள், மின்சார முதன்மைச் சுவிட்சு, நீர் கிடைக்கும் இடம் முதலியவற்றை முன்கூட்டியே வரைந்து வைப்பதாகும். தீயணைப்பு வீரர்கள், காவலர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் ஆகியோர் முன்பின் அறியாத கட்டடத்துக்குள் நுழையும்போது இது அவர்களுக்கு வழிகாட்டுகிறது. கட்டட அனுமதிக்காகத் தரப்படும் வரைபடம் வேறு, இது வேறு. அனுமதி வரைபடம் கட்டடம் எப்படிக் கட்டப்படும் என்பதைக் காட்டும். அவசரகால வரைபடம் அது இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதைக் காட்ட வேண்டும்.

தேவை எழுந்த விதம்

அமெரிக்காவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் 1999 ஏப்ரல் 20 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தபோது, காவலர்கள் மாணவர்கள் கையால் வரைந்து கொடுத்த படங்களை நம்ப வேண்டியிருந்தது. பின்னர் 2003-இல் வாஷிங்டன் மாநிலம், முதலில் உதவிக்கு வருவோருக்காகப் பொதுக் கட்டடங்களை வரைபடமாக்கும் ஏற்பாட்டைச் சட்டமாகவே கொண்டுவந்தது.

தமிழ்நாட்டில் இதன் தேவையை உணர்த்தியவை 2004-ஆம் ஆண்டின் இரு தீ விபத்துகள். சனவரி 23 அன்று திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடிக் கொட்டகையில் தீப்பற்றி, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சூலை 16 அன்று கும்பகோணம் காசிராமன் தெருவில், ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் இயங்கிய இடத்தில், சமையற்கூடத்தில் பற்றிய தீ மேல்தளக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் உயிரிழந்தனர். கீற்றுக் கூரை, குறுகிய படிக்கட்டு, அளவுக்கு மீறிய நெரிசல் என எல்லாம் பல ஆண்டுகளாகக் கண்ணெதிரே இருந்தவைதான்.

வரைபடம் தீயை அணைக்காது. ஆனால் அதை வரைய ஒருவர் அந்தப் படிக்கட்டில் ஏறி, அகலத்தை அளந்து, மேலே எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணியிருந்தால், ஆபத்து தாளில் தெரிந்திருக்கும். வரைபடத்தின் பாதிப் பயன் வரைவதிலேயே இருக்கிறது.

கும்பகோணம் விபத்தையொட்டிய பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்து, பள்ளிகளின் தீப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது.

ஒரு சிற்றூரில் வரைவது எப்படி?

கடலூர் மாவட்டத்திலுள்ள ஸ்ரீமுஷ்ணம் பேரூராட்சியை எடுத்துக்கொள்ளலாம். முதல் சிக்கல் பெயர். அரசுப் பதிவேட்டில் ஸ்ரீமுஷ்ணம். ஊர் மக்களில் பலருக்குத் திருமுட்டம். பதற்றத்தில் தொலைபேசியில் பேசுபவர் வாயில் பழகிய பெயர்தான் வரும். பள்ளிகளுக்கும் இதே நிலைதான். பலகையில் நீளமான பெயர் இருக்க, தெருவில் அது "பெரிய பள்ளிக்கூடம்". விருத்தாசலத்திலிருந்தோ சிதம்பரத்திலிருந்தோ கூடுதல் வண்டி வரவழைக்கப்பட்டால், அதன் ஓட்டுநருக்கு இந்த வழக்குப் பெயர்கள் தெரியாது. ஆகவே இரண்டு பெயர்களையும் எழுத வேண்டும்.

அடுத்தது தளங்களின் பெயர். "முதல் தளம்" என்றால் சிலருக்குத் தரைத்தளம், சிலருக்கு அதற்கு மேலுள்ளது. தரைத்தளம், அதற்கு மேல் 1, 2 என்று எண்ணிட்டு, அதே எண்ணைப் படிக்கட்டுச் சுவரிலும் எழுதிவிட்டால் குழப்பம் தீரும். கட்டடத்தின் நான்கு பக்கங்களுக்கும் முன்பக்கம் தொடங்கி வலஞ்சுழியாக அ, ஆ, இ, ஈ எனப் பெயரிடலாம். புகைக்குள் நிற்பவருக்கு வடக்கு எது, கிழக்கு எது என்று தெரியாது.

வண்டி உள்ளே போகுமா என்பதும் முக்கியம். வாயிலில் வளைவு இருந்தால் அதன் உயரம் 5 மீட்டருக்குக் குறையக்கூடாது என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு உயரமான கட்டடங்களுக்குச் சொல்கிறது. முன்னாள் மாணவர்கள் அன்போடு கட்டிக் கொடுக்கும் பள்ளி வளைவுகளுக்கும் இந்த அளவை நினைவில் கொள்வது நல்லது. தாழ்வான மின்கம்பிகள், பூட்டிக் கிடக்கும் பின்வாயில், அதன் சாவி யாரிடம் உள்ளது என்பவற்றையும் குறிக்க வேண்டும்.

பிறகு தண்ணீர். தீயணைப்பு வண்டி ஒன்று வழக்கமாகச் சுமார் 4,500 லிட்டர் கொள்ளும். முழு வேகத்தில் பீய்ச்சினால் அது சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். குழாய் முனைகள் இல்லாத ஊரில் குளமும் கிணறும்தான் கைகொடுக்கும். ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகப் பெருமாள் கோயிலின் நித்திய புட்கரணி அப்படிப்பட்ட நீர்நிலை. ஆனால் வண்டியின் பம்பு சுமார் 7 மீட்டர் ஆழத்துக்குக் கீழிருந்து நீரை உறிஞ்சாது. எனவே வண்டி நிற்கும் இடத்துக்கும் கோடையில் நீர்மட்டத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டையும் குறித்து வைக்க வேண்டும். தேரோட்ட நாள்களில் எந்தத் தெரு அடைபடும் என்பதற்குத் தனிக் குறியீடு தேவை.

திறந்த வரைபடமும் மூடிய வரைபடமும்

2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் திட்டத்தில் யார் வேண்டுமானாலும் கட்டடங்களையும் தெருக்களையும் சேர்க்கலாம். 2010 எயிட்டி நிலநடுக்கத்தின்போது உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் இதில் அந்நாட்டின் தெருக்களை வரைந்தனர். 2015 சென்னை வெள்ளத்தில் நீர் சூழ்ந்த தெருக்கள் இதன் அடிப்படையில் குறிக்கப்பட்டன. கடலூர் மாவட்டம் 2004-இல் ஆழிப்பேரலையையும், 2011 டிசம்பர் 30-இல் தானே புயலையும், 2015-இல் பெருவெள்ளத்தையும் கண்டது. இத்தகைய நாள்களில் பள்ளிக் கட்டடமே மக்கள் தங்கும் முகாம் ஆகிறது. அப்போது எத்தனை பேர் தங்கலாம், கழிப்பறை எத்தனை, தரை சாலையைவிட உயரமா என்ற விவரங்கள் வேண்டும்.

ஆயினும் எல்லாவற்றையும் இணையத்தில் வெளியிடுவது தவறு. பெயர், வாயில், நீர்நிலை, முகாம் ஆகியவை திறந்த வரைபடத்தில் இருக்கலாம். உள் அறைகள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் வகுப்பு, சாவி விவரம் ஆகியவை தீயணைப்பு நிலையத்திலும் தலைமையாசிரியரிடமும் மட்டும் இருக்க வேண்டும். தாளில் ஒரு படியும் அவசியம்; புயலன்று மின்சாரமும் இணையமும் முதலில் போய்விடும்.

பழைய வரைபடம் வரைபடமே இல்லாததைவிட மோசமானது. வகுப்பறை கிடங்காக மாறியிருக்கும், படிக்கட்டின் கீழே உடைந்த பெஞ்சுகள் குவிந்திருக்கும், எரிவாயு உருளை வேறு அறைக்குப் போயிருக்கும். எனவே ஆண்டுதோறும் சூன் மாதம் பள்ளி திறந்ததும் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வந்து, மாற்றங்களைத் திருத்தி, மூலையில் அன்றைய தேதியை எழுதுவது நடைமுறையாக இருக்க வேண்டும். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் அளவுநாடாவுடன் ஒரு பிற்பகலில் முடித்துவிடக்கூடிய வேலை இது.