மாத்திரைக்குத் துணையாக ஒரு பத்து நிமிடம்

வாசல் வரை வந்த மருந்து

ஜேடர்பாளையத்தில் கரும்பாலைக் கொப்பரை முன் நின்று பாகு காய்ச்சுபவருக்கும், பிலிக்கல்பாளையம் மண்டியில் வெல்லத்துக்கு என்ன விலை விழுமோ என்று காத்திருக்கும் விவசாயிக்கும், நாமக்கல்லிலிருந்து வடநாட்டுக்கு லாரி ஓட்டுபவருக்கும் பொதுவாக இருக்கக்கூடிய நோய் ஒன்று உண்டு. அதைப் ‘பிரஷர்’ என்று சொல்லிவிட்டு நாம் கடந்து போகிறோம். தமிழ்நாட்டில் தொற்றா நோய்கள் பற்றி 2020-இல் எடுக்கப்பட்ட ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 விழுக்காட்டினர் மட்டுமே. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. அதன் பிறகு பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் வாசலுக்கு வந்த மாத்திரையைத் தினமும் தவறாமல் விழுங்குவதும், சோற்றில் உப்பைக் குறைப்பதும், நேரத்துக்குத் தூங்குவதும் நோயாளியின் கையில்தான் இருக்கின்றன. மூச்சைக் கவனித்தபடி அமைதியாக உட்காரும் மனக்கவனப் பயிற்சிக்கு வேலை இருப்பது இந்த இடத்தில்தான். மாத்திரையைத் தள்ளிவைக்க அது வரவில்லை. மாத்திரையும் பத்தியமும் கைவிட்டுப் போகாமல் காக்க வருகிறது.

மனமும் ரத்தக்குழாயும்

கடன் தவணை நெருங்கும்போதோ, வாய்த் தகராறு முற்றும்போதோ உடல் ஆபத்துக்குத் தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, சிறு ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. ராஜவாய்க்காலில் தண்ணீரின் அளவு குறையாமல் வாய்க்கால் மட்டும் குறுகினால் கரைமேல் என்ன நெருக்கடி ஏறுமோ, அதுதான் குழாய்ச் சுவரின் மேலும் ஏறுகிறது. ஆபத்து நீங்கியதும் இது தணிந்துவிட வேண்டும். கவலை ஓயாத மனத்தில் அந்தத் தணிவு தாமதமாகிறது. மூச்சை மெதுவாக்கி, அதன் போக்கைக் கவனித்தபடி உட்காரும்போது இதயத் துடிப்பைத் தணிக்கும் நரம்புகளின் கை ஓங்குகிறது. இறுகிய குழாய்கள் தளர்கின்றன. ரத்த அழுத்தம் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும் என்று மருத்துவ நெறிமுறையே சொல்வதற்கும் இதுவே காரணம். படியேறி வந்த மூச்சிரைப்போடு அளந்தால் எண் கூடுதலாகக் காட்டும்.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

இத்தகைய பயிற்சிகளை ஆராய்ந்ததில் நம் நாட்டு மருத்துவர்கள் முன்னோடிகள். 1969-இல் மும்பை மருத்துவர் கே.கே. தாத்தேயும் அவருடைய குழுவினரும் 47 நோயாளிகளுக்குச் சவாசனம் பயிற்றுவித்து முடிவுகளை வெளியிட்டார்கள். 1975-இல் பிரிட்டனில் மருத்துவர் சந்திரா பட்டேல் 34 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடல் தளர்த்தலும் தியானமும் கற்பித்தார். அவர்களின் சராசரி அழுத்தம் 168/100-இலிருந்து 141/84-க்கு இறங்கியது. பயிற்சி பெறாதவர்களுக்கு 169/101-இலிருந்து 160/96-க்குத்தான் இறங்கியது. புதுச்சேரியில் நடந்த ஆய்வொன்றில், நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில் ஐந்து நிமிடம் மூச்சுவிட்ட 23 நோயாளிகளுக்கு இதயத் துடிப்பும் மேல் அழுத்தமும் உடனடியாகக் குறைந்தன.

இவை சிறிய ஆய்வுகள். எல்லா ஆய்வும் இப்படிச் சாதகமாக முடிந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கனடாவில் மருந்து எடுக்காத 101 பேரிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நாள் முழுக்க அளந்த அழுத்தம் மனக்கவனப் பயிற்சியால் குறிப்பிடும்படி குறையவில்லை. அமெரிக்க இதயச் சங்கம் 2013-இல் இம்முறைகளை ஆராய்ந்தபோது உடற்பயிற்சிக்குக் கொடுத்த இடத்தைத் தியானத்துக்குக் கொடுக்கவில்லை. பிரவுன் பல்கலைக்கழகம் 201 பேரிடம் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் குழப்பத்துக்கு ஒரு விடை தருகிறது. அங்கே எட்டு வாரப் பயிற்சி மூச்சோடு நின்றுவிடவில்லை. உணவு, நடை, மது, மாத்திரை ஆகியவற்றில் தன் பழக்கத்தைத் தானே கவனிக்கவும் அது கற்றுக்கொடுத்தது. ஆறு மாதத்தில் மேல் அழுத்தம் 5.9 புள்ளி குறைந்தது. வழக்கமான கவனிப்போடு வீட்டில் அளக்கக் கருவியும் பெற்ற மற்றவர்களுக்கு 1.4 புள்ளிதான் குறைந்தது. ஆக, கண்மூடி உட்காரும் அந்த நேரம் மட்டும் போதாது என்று தோன்றுகிறது. அங்கே பழகிய கவனம் சாப்பாட்டுத் தட்டுக்கும் மாத்திரை அட்டைக்கும் வந்து சேரும்போதுதான் பலன் தெரிகிறது.

எழும் கேள்விகள்

‘நாலைந்து புள்ளி குறைவதற்கா இவ்வளவு பாடு?’ என்று கேட்கலாம். மேல் அழுத்தத்தை மருந்தால் 5 புள்ளி குறைத்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகள் ஏறக்குறைய பத்து விழுக்காடு குறைவதைப் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2021-இல் வெளியான தொகுப்பு காட்டியது. பயிற்சியால் குறையும் புள்ளிக்கும் அதே பலன் உண்டா என்பது தனியாக நிறுவப்பட வேண்டியது. ஆனாலும் மருந்துக்கு மேல் கிடைக்கும் சிறு குறைவை அற்பம் என்று ஒதுக்கிவிட முடியாது.

‘உழைக்கிற சனத்துக்கு உட்கார நேரம் ஏது?’ என்ற கேள்வி நியாயமானது. கடனும் விலைச் சரிவும் தூக்கமில்லாத ஓட்டமும் தரும் நெருக்கடியைத் தியானம் தீர்த்துவிடாது. அவற்றுக்கு நியாயமான விலையும் ஓய்வு நேரமும்தான் மருந்து. பொருளாதாரச் சுமையைத் தனிமனிதனின் மனப்பயிற்சிக் குறைவாகக் காட்டுவது அநியாயம். ஆனால் நெருக்கடி தீரும் வரை ரத்தக்குழாய் காத்திருக்காதே! பயிற்சிக்குத் தனி அறையோ கட்டணமோ வேண்டியதில்லை. கொங்கு நாட்டு ஊர்களில் தியானம் கற்பிக்கும் வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றங்கள் ஏற்கெனவே பரவியிருப்பதால், கூடி உட்கார்ந்து பழகுவதும் இங்கே புதிதல்ல.

எல்லாவற்றிலும் கனமான கேள்வி, ‘தியானம் செய்கிறேன் என்று மாத்திரையை நிறுத்திவிட மாட்டார்களா?’ என்பதுதான். இந்த அபாயம் மெய்யானது. எண் குறைந்திருப்பது மாத்திரை வேலை செய்வதன் அடையாளம். நிறுத்துவதற்கான அனுமதி அல்ல. அளவைக் குறைப்பதா, கூட்டுவதா என்பதை மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும்.

எப்படித் தொடங்குவது

காலையில் மாத்திரை போடும் நேரத்தோடு பயிற்சியையும் சேர்த்துக்கொள்வது நல்லது. ஒன்று நினைவுக்கு வந்தால் மற்றதும் வரும். நாற்காலியிலோ திண்ணையிலோ முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பத்து நிமிடம் கவனித்தால் போதும். மனம் மண்டிக்கும் வங்கிக்கும் ஓடத்தான் செய்யும். ஓடியது தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்புவதே பயிற்சி. மூச்சை அடக்கி வைப்பதும், வேகமாக அடித்து விடும் கபாலபாதி போன்றவையும் பிரஷர் உள்ளவர்களுக்கு ஏற்றவை அல்ல. அதே கவனத்தோடு சாப்பாட்டில் உட்கார்ந்தால் ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் எவ்வளவு உப்பை உள்ளே கொண்டுபோகின்றன என்பது பிடிபடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் கீழே. நெஞ்சுவலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கைகால் மரத்துப்போதல் வந்தால் மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மாத்திரையை வீடு தேடிக் கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலர்கள் இந்தப் பத்து நிமிடத்தையும் சொல்லிக்கொடுக்க அரசு வழி செய்ய வேண்டும். அடுத்த முறை அளக்கும்போது எண்ணோடு, ‘மாத்திரை எத்தனை நாள் விட்டுப்போச்சு, உப்பு குறைச்சீங்களா, உட்கார்ந்து பழகுறீங்களா?’ என்ற மூன்று கேள்விகளையும் அவர்கள் கேட்கட்டும். அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்களின் விழுக்காடு உயர்வதற்கு மருந்தும் கவனமும் சேர்ந்தே உழைக்க வேண்டும்.