ஆய்வகக் கருவிப் பெயர்களும் செயல்முறை மொழியும்

1. முன்னுரை

செகந்தராபாத்தின் மெட்டுகுடாவிலிருந்து தார்நாக்கா வழியே சென்றால் உசுமானியாப் பல்கலைக்கழக வளாகத்தை அடையலாம். இந்திய மொழியொன்றில் பல்கலைக்கழக அறிவியற் கல்வியை வழங்க முற்பட்ட முன்னோடி நிறுவனம் அது. 1918இல் உருதுப் பயிற்றுமொழியுடன் அது தோன்றுவதற்கு முந்தைய ஆண்டே அதன்பொருட்டு மொழிபெயர்ப்பகம் ஒன்று தொடங்கப்பெற்றது. அறிவியல் நூல்களும் கலைச்சொற்களும் அங்கு உருவாயின. 1948க்குப் பின்னர்ப் பயிற்றுமொழி ஆங்கிலமாயிற்று. சொற்கள் நூல்களில் எஞ்சின. அவற்றை நாள்தோறும் வழங்கிய வகுப்பறை அங்கு இல்லாதொழிந்தது. வேதியியல், உயிரியல் ஆய்வகங்களின் இன்றைய கருவிகளைத் தமிழில் விளக்க முனைவோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். கருவிக்குப் பெயரிடுவதோடு மொழிபெயர்ப்பாளர் பணி முடிவதில்லை. அதனைக் கையாளும் முறையைப் பிழையின்றிச் சொல்லும் மொழியும் தேவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

2. பெயரமைப்பு

கருவிப் பெயர்கள் பலவற்றில் முற்பகுதி பொருளையும் பிற்பகுதி செயலையும் உணர்த்துகின்றன. உருதில் 'குர்த்பீன்' என்பது சிறியதைக் காண்பது. 'தபிஷ் பைமா' என்பது வெப்பத்தை அளப்பது. தமிழின் நுண்ணோக்கி, வெப்பமானி ஆகியனவும் இவ்வாறே அமைந்தவை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் நுண்ணோக்கியை 'நுணுக்குக்காட்டி' என்கின்றன. நோக்குதல் காண்பவரின் செயல்; காட்டுதல் கருவியின் செயல். இரண்டும் பொருந்துவனவே.

பெயர் தெளிவாக இருப்பினும் வரையறை தானே அமைந்துவிடுவதில்லை. தமிழகத்தில் பியூரெட், பிப்பெட் என வழங்குவனவற்றை இலங்கை வழக்கு அளவி, குழாயி எனக் குறிக்கும். சொல்லமைப்பை மட்டும் நோக்கின் அளவுசாடியும் ஓர் 'அளவி'யே. அச்சொல்லை ஒரு குறிப்பிட்ட கருவிக்கு உரியதாக்கியது வகுப்பறை வழக்கேயாகும்.

3. செயல்முறை மொழி

மொழிபெயர்ப்பில் நேரும் பெரும்பிழைகள் பெயரில் அன்றி வினையிலேயே உள்ளன. நுண்பிப்பெட்டைச் சான்றாகக் கொள்ளலாம். செருமனியின் மார்பர்க்கில் ஐன்ரிச் சினிட்கர் 1957இல் உருவாக்கிய உந்துதண்டுப் பிப்பெட்டே இதன் மூலவடிவம். மில்லிலிட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோலிட்டர் அளவுகளை இது கையாளும். இதன் பொத்தானை அழுத்துகையில் இரு தடைநிலைகள் எதிர்ப்படும். நீர்மத்தை எடுக்க, முதல் தடைநிலை வரை மட்டும் அழுத்தி, முனையை நீர்மத்தில் அமிழ்த்தி, பொத்தானை மெல்ல விடுதல் வேண்டும். வெளியேற்றும்போது முதல் நிலையைக் கடந்து இரண்டாம் நிலை வரை அழுத்தினால் எஞ்சிய துளியும் வெளிப்படும். 'பொத்தானை முழுவதும் அழுத்தி நீர்மத்தை எடுக்க' என மொழிபெயர்த்தால் மாணவர் கூடுதலான நீர்மத்தை எடுப்பார். கருவியின் பெயர் சரியாக இருந்தும் ஆய்வு முடிவு தவறாகும்.

மையவிலக்குப் பொறியிலும் இத்தகைய இடர் உண்டு. நிமிடச் சுழற்சி எண்ணிக்கை வேறு. புவியீர்ப்பின் மடங்காகக் கூறப்படும் மையவிலக்கு விசை வேறு. நிமிடத்திற்கு 10,000 சுழற்சியில், ஆரம் 10 செ.மீ. எனில் விசை புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 11,180 மடங்கு, 5 செ.மீ. எனில் அதிற்பாதி. இரண்டையும் 'வேகம்' என்ற ஒரே சொல்லால் குறித்தால், வேறோர் ஆய்வகத்துப் பொறியில் அச்செய்முறையைப் பின்பற்ற இயலாது.

4. முடிவுரை

எனவே கருவிக் கலைச்சொல் தொகுதியின் ஒவ்வொரு பதிவிலும் பெயருடன் அக்கருவிக்குரிய வினைச்சொற்கள், உறுப்புகளின் பெயர்கள், அளவீட்டு அலகுகள் ஆகியனவும் இடம்பெறல் வேண்டும். தமிழகம், இலங்கை ஆகிய இரு வழக்குகளையும் அடுத்தடுத்துத் தருதல் நலம். மொழிபெயர்த்த செய்முறையை மாணவர் ஒருவரிடம் தந்து, வாய்மொழி விளக்கமின்றிக் கருவியை இயக்கச் செய்து பார்த்த பின்னரே அச்சேற்றுதல் பொருத்தமாகும். அவர் தயங்கும் இடமே மொழிபெயர்ப்பாளர் திருத்த வேண்டிய இடமாகும்.