காணியா, ஏக்கரா, ஹெக்டேரா? பட்டாவைப் படிக்கும்போது கவனம் தேவை

புதுச்சேரி நகரின் வடக்கே, கடலை ஒட்டி இருக்கிறது குருசுக்குப்பம். மீனவர்கள் வாழும் பகுதி. அங்கே எத்தனை விதமான அளவைகள் புழங்குகின்றன என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். கடலின் ஆழம் என்றால் பாகக் கணக்கு. இரண்டு கைகளையும் அகல விரித்தால், ஒரு கையின் விரல் நுனியிலிருந்து மறுகையின் விரல் நுனி வரை ஒரு பாகம். ஏறக்குறைய ஆறு அடி. வலையின் கண் மில்லிமீட்டரில் இருக்கும். படகு எஞ்சினுக்குக் குதிரைத் திறன். கரைக்கு வந்த மீன் தராசில் ஏறினால் கிலோ. வீட்டு மனையைப் பற்றிப் பேச்சு வந்தால் குழி, இல்லையென்றால் சதுர அடி.

இத்தனை இருந்தும் அவர்கள் பெரிதாகத் தடுமாறுவதில்லை. ஒரு வேலைக்கு ஒரு அளவை என்று அமைந்துவிட்டதே காரணம். பாகத்தில் பார்த்த ஆழத்தை மீட்டராக மாற்றி எவரிடமும் ஒப்புவிக்க வேண்டியதில்லை.

வயற்காட்டில் அப்படி இல்லை. புதுச்சேரியிலிருந்து தெற்கே பாகூர், மேற்கே வில்லியனூர் பக்கம் போனால், ஒரே நிலத்துக்கு மூன்று கணக்கு நடக்கிறது. குத்தகை காணிக்கு இவ்வளவு மூட்டை என்று பேசப்படுகிறது. உரக்கடையில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கேட்கிறார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு ஹெக்டேருக்கு அச்சாகி வருகிறது. ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போதுதான் பணமும் பயிரும் கைநழுவுகின்றன.

இந்தக் குழப்பம் புதுச்சேரியில் கொஞ்சம் அதிகமாக இருப்பதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. சுற்றியுள்ள கடலூர், விழுப்புரம் சீமைகளில் வெள்ளைக்காரன் ஏக்கரையும் சென்டையும் கொண்டுவந்தான். எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் 1620-ஆம் ஆண்டு வாக்கில் 66 அடி நீளமுள்ள அளவுச் சங்கிலி ஒன்றை அமைத்தார். அதில் நூறு கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், அதாவது 43,560 சதுர அடி. அதில் நூறில் ஒரு பங்கு சென்ட், 435.6 சதுர அடி. புதுச்சேரியிலோ பிரெஞ்சு ஆட்சி. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல் முடிந்தது. நில ஏடுகளில் பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்றது ஹெக்டேர், ஆர், சென்டியார் என்ற மெட்ரிக் கணக்கு. புதுச்சேரிப் பகுதி ஒரே பரப்பாக இல்லாமல், தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடப்பது தெரிந்ததே. வாய்க்காலுக்கு இந்தக் கரையில் ஒரு கணக்கு, அந்தக் கரையில் வேறு கணக்கு.

இரண்டு துரைத்தனத்துக்கும் அடங்காமல் நின்றது நம்முடைய காணி. 24 அடிக்கு 24 அடி ஒரு குழி. அதாவது 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி, 57,600 சதுர அடி. ஏக்கரில் சொன்னால் 1.32. மெட்ரிக்கில் ஏறத்தாழ 53 ஆர் 50 சென்டியார். அதே குழி தஞ்சாவூர்ச் சீமைக்குப் போனால் 12 அடிக்கு 12 அடியாகச் சுருங்கி 144 சதுர அடியாகிவிடுகிறது. அங்கே நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. பாகூர்க்காரரும் தஞ்சாவூர்க்காரரும் சம்பந்தம் பேசும்போது "ஐந்நூறு குழி இருக்கிறது" என்று சொன்னால், எந்தக் குழி என்று கேட்டுக்கொள்வது இரு வீட்டாருக்கும் நல்லது. ஒருவருடைய குழி மற்றவருடையதைப் போல நான்கு மடங்கு!

இவற்றுள் மிகவும் ஏமாற்றக்கூடியது சென்ட், சென்டியார் என்ற இரண்டு சொற்களின் ஒற்றுமை. சென்ட் என்பது ஏக்கரில் நூறில் ஒரு பங்கு; 40.47 சதுர மீட்டர். சென்டியார் என்பது ஆரில் நூறில் ஒரு பங்கு. ஒரே ஒரு சதுர மீட்டர். பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் இடையில் நாற்பது மடங்கு வித்தியாசம்.

ஒரு பட்டாவில் 0-26-75 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் எண் ஹெக்டேர், நடு எண் ஆர், கடைசி எண் சென்டியார். 26 ஆர் 75 சென்டியார் என்பது அரைக் காணி, 66 சென்ட். சென்ட் கணக்கிலேயே பழகியவர் இதை "இருபத்தாறே முக்கால் சென்ட்" என்று படித்துவிட்டால் 39 சென்ட் காணாமல் போகிறது. வயலின் வரப்பு அங்கேயேதான் இருக்கும். ஆனால் பாகப்பிரிவினைக் காகிதத்தில், விற்பனை ஒப்பந்தத்தில், கடன் மனுவில் எழுதுகிற எண் தவறாகிவிடும். பின்னால் அதைத் திருத்த அலைகிற அலைச்சல் பட்டவர்களுக்குத்தான் தெரியும். தமிழ்நாட்டுப் பட்டாவிலும் ஹெக்டேர், ஏர்ஸ் என்றுதான் அச்சாகிறது. அங்கே ஏர்ஸ் என்பதும் இங்கே ஆர் என்பதும் ஒன்றே: நூறு சதுர மீட்டர். ஒரு ஆர் 2.47 சென்ட். பட்டாவில் 0-40.50 என்று பார்த்ததும் நாற்பது சென்ட் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அது முழு ஏக்கர்.

அரசின் வரம்புகளும் ஹெக்டேரில்தான் வகுக்கப்படுகின்றன. ஒரு ஹெக்டேருக்குள் நிலம் உள்ளவர் குறு விவசாயி. ஒன்று முதல் இரண்டு ஹெக்டேர் வரை உள்ளவர் சிறு விவசாயி. இரண்டு ஹெக்டேர் என்பதை வாய்வழக்கில் ஐந்து ஏக்கர் என்கிறார்கள். சரியாகச் சொன்னால் 4.94. காணியில் மூன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. நான்கு காணி வைத்திருப்பவர், ஐந்துக்குள்தானே என்று நினைத்துக்கொண்டு சான்றிதழுக்குப் போனால், 2.14 ஹெக்டேர் என்று கணக்கு வந்து நிற்கும்.

உரத்துக்கு வருவோம். மண் பரிசோதனை செய்யாத நிலத்தில், நடுத்தர வயதுடைய நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து, 50 கிலோ சாம்பல்சத்து என்பது பல்கலைக்கழகத்தின் பொதுச் சிபாரிசு. தழைச்சத்து முழுவதையும் யூரியாவாகவே இடுவதாகக் கொண்டால், யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து இருப்பதால் ஹெக்டேருக்கு 326 கிலோ வேண்டும். ஏக்கருக்கு 132 கிலோ. காணிக்கு 174 கிலோ. ஹெக்டேர்க் கணக்கை ஏக்கரில் கொட்டினால் பயிர் கறுகறுவென்று வளரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். பிறகு இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் தேடி வரும். பால் பிடிக்கும் சமயத்தில் ஒரு காற்றடித்தால் போதும், கதிரோடு சாய்ந்துவிடும். மாறாக, ஏக்கர்க் கணக்கைக் காணிக்குப் போட்டால் கால் பங்கு குறைந்துபோகும்.

மூட்டைக் கணக்கையும் நம்புவதற்கில்லை. யூரியா மூட்டை 50 கிலோவாக இருந்தது. 2018-இல் 45 கிலோவாக மாறிவிட்டது. டி.ஏ.பி. மூட்டை இன்னும் 50 கிலோ. "அப்பா காலத்திலிருந்து ஏக்கருக்கு மூன்று மூட்டை" என்பவர் இன்று 15 கிலோ குறைவாக இடுகிறார். நெல் மூட்டை ஓர் ஊரில் 75 கிலோ, வேறோர் ஊரில் 60 கிலோ. தமிழ்நாட்டுக் கொள்முதல் நிலையத்தில் சிப்பம் 40 கிலோ. விலை அறிவிப்பதோ 100 கிலோ கொண்ட குவிண்டாலுக்கு. காணிக்கு 40 மூட்டை கண்டவர் ஏக்கருக்கு 30 மூட்டை கண்டவரைப் பார்த்து மீசை முறுக்குவதும் நடக்கிறது. மூட்டை எடை ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே விளைச்சல்தான்.

மருந்து விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். லேபிளில் ஹெக்டேருக்கு 500 மில்லி, 500 லிட்டர் தண்ணீரில் கலக்கவும் என்று இருந்தால், லிட்டருக்கு ஒரு மில்லி என்று பொருள். ஏக்கருக்கு மருந்து 200 மில்லி, தண்ணீர் 200 லிட்டர். 16 லிட்டர் தெளிப்பானுக்கு 16 மில்லி. ஏக்கருக்குப் பன்னிரண்டரை டேங்க் அடிக்க வேண்டும். தண்ணீர் சுமக்கச் சலித்து ஆறு டேங்கோடு முடித்துக்கொண்டு, அதிலேயே மருந்தை இரட்டிப்பாக்குவதை அளவு என்று சொல்ல முடியாது. பாட்டில் மூடியும் அளவை அல்ல. ஒரு கம்பெனி மூடி மற்றொரு கம்பெனி மூடிக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மில்லி கோடு போட்ட அளவுக் குவளை சில ரூபாய்க்குக் கிடைக்கும்.

படித்தவர்களும் இதில் இடறியிருக்கிறார்கள். கனடா நாடு மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த சமயம், 1983 ஜூலை 23-ஆம் தேதி, ஏர் கனடாவின் புதிய போயிங் 767 விமானம் ஒன்று நடு வானத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றது. பயணத்துக்கு 22,300 கிலோ தேவை. லிட்டரைக் கிலோவாக்க 0.8 என்ற எண்ணால் பெருக்குவதற்குப் பதில், லிட்டரைப் பவுண்டாக்கும் 1.77 என்ற எண்ணால் பெருக்கிவிட்டார்கள். பவுண்டைக் கிலோ என்று எண்ணியதால் தேவையில் பாதி கூட ஏறவில்லை. விமானி சறுக்கு விமானம் ஓட்டத் தெரிந்தவர்; கிம்லி என்ற ஊரில் ஒரு பழைய விமானத் தளத்தில் இறக்கி அத்தனை பேரையும் காப்பாற்றினார். 1999-இல் அமெரிக்காவின் செவ்வாய்க் கிரக விண்கலம் ஒன்று அழிந்ததற்கும் காரணம், ஒரு குழு பவுண்டுக் கணக்கில் கொடுத்ததை மறு குழு மெட்ரிக் என்று எடுத்துக்கொண்டதுதான். ஹெக்டேர் உரத்தை ஏக்கரில் போடுவதும் இதே ஜாதித் தவறு.

மெட்ரிக் முறை பிறந்த பிரான்ஸிலேயே அது உடனே வேரூன்றவில்லை. 1795-இல் சட்டம் வந்தது, கட்டாயமானது 1840-இல். இந்தியாவில் 1956-இல் சட்டம் இயற்றி, 1958 அக்டோபர் முதல் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். சேரும் ராத்தலும் மறைந்து கிலோ வந்தது. நீர்க் கணக்கு மட்டும் பழைய தடத்திலேயே ஓடுகிறது. மேட்டூர் அணையின் நீர்மட்டம் இன்றும் 120 அடிதான். திறப்பது கன அடி. காவிரியில் புதுச்சேரிக்கு, அதாவது காரைக்காலுக்கு, ஒதுக்கிய பங்கு 7 டி.எம்.சி. போர் குழாய் அங்குலம், மோட்டார் குதிரைத் திறன்.

ஆனால் மழைக் கணக்கில் மெட்ரிக் முறையின் வசதி நன்றாகத் தெரியும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். வானொலியில் 20 மில்லிமீட்டர் என்று கேட்டால், ஒரு ஆர் நிலத்தில் 2,000 லிட்டர் விழுந்தது என்று வாய்க்கணக்காகச் சொல்லிவிடலாம். அங்குலம், ஏக்கர், கேலன் என்று போனால் பேனாவும் காகிதமும் வேண்டும்.

காணியை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. குத்தகை பேச அது போதும். உரம், மருந்து, மனு என்று வந்தால் வயலைச் சதுர மீட்டரில் தெரிந்து வைத்துக்கொள்வது நலம். அதற்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். ஒரு கயிற்றில் பத்து மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு வரப்போடு பிடித்துப் பார்க்கலாம். நீளம் 40 மீட்டர், அகலம் 25 மீட்டர் என்றால் 1,000 சதுர மீட்டர், பத்து ஆர். பட்டாவில் 0-10-00 என்று இருக்க வேண்டும். தேங்காய் நார்க் கயிறு நனைந்தால் நீளம் மாறும். கடலோரக் குப்பங்களில் வலைக்குப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் கயிறு தண்ணீர் குடிக்காது. அதுவே இந்த வேலைக்கு ஏற்றது.