பாறைக்குழியும் பாய்லரும்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் புவியும் ஆற்றலும் தனித்தனியே கிடக்கின்றன. பாறை, மண், புவியின் உள்ளமைப்பு, நிலநடுக்கம் எல்லாம் சமூக அறிவியல் புத்தகத்தில். வெப்பம், மின்சாரம், ஒளி எல்லாம் அறிவியல் புத்தகத்தில். நடத்தும் ஆசிரியர்களும் பெரும்பாலும் வேறு வேறு. எட்டாம் வகுப்பில் ‘பாறை மற்றும் மண்’ பாடத்தைப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கும் மாணவிக்கு, தன் தெருவில் போட்ட போர்வெல்லில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று சொல்லத் தெரிவதில்லை. அந்தப் பாடத்துக்கும் இந்தப் போர்வெல்லுக்கும் தொடர்பு உண்டு என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

திருப்பூர் நகருக்குள் இருக்கும் ராயபுரம் போன்ற பகுதிகளில், பனியன் கம்பெனிகளின் சத்தத்துக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பாடங்களையும் சேர்த்தே கற்பிக்கலாம். அதற்கான பொருள்கள் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன.

முதலில் காலடியில் இருக்கும் நிலம். திருப்பூர் வட்டாரம் கெட்டிப் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. மேலே செம்மண், சில இடங்களில் சுண்ணாம்பு கலந்த சரளை. அதற்குக் கீழே நைஸ் எனப்படும் உருமாறிய பாறை. இப்பகுதிப் பாறைகளில் சில 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. ஆற்று மணல் படிந்த தஞ்சைச் சமவெளியைப் போல இங்கே நிலம் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. பாறையின் விரிசல்களில் மட்டுமே நீர் தங்கும். விரிசல் கிடைத்தால் தண்ணீர், கிடைக்காவிட்டால் ஆயிரம் அடி தோண்டினாலும் வெறும் பாறைத்தூள்தான்.

இதைக் கண்ணால் காட்ட ஏற்ற இடம் பாறைக்குழி. கல் வெட்டி எடுத்தபின் கைவிடப்பட்ட இந்தக் குழிகள் திருப்பூரைச் சுற்றிலும் உண்டு. பல குழிகள் குப்பை கொட்டும் இடமாகிவிட்டன என்பது வருத்தத்துக்குரியது. குப்பை விழாத ஒரு குழியின் சுவரை வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் போதும்: மேலே மண், அதன்கீழ் உதிர்ந்துகொண்டிருக்கும் பாறை, அதற்கும் கீழே கறுப்பும் வெள்ளையுமாக வரியோடிய கெட்டிப் பாறை, குறுக்கே சாய்ந்து ஓடும் விரிசல். பாறை சிதைந்து மண்ணாகிறது என்ற வரி அங்கே காட்சியாகிறது. ஆழமான நீர் தேங்கிய குழிகள் உயிருக்கு ஆபத்தானவை. விளிம்புக்குப் பிள்ளைகளை விடவே கூடாது.

கல்லைக் கையில் எடுத்துச் சோதிக்கவும் வழி உண்டு. காட்டோரம் கிடக்கும் வெள்ளை வெங்கச்சங்கல்லால் பழைய கண்ணாடித் துண்டின் மேல் ஆசிரியர் ஒரு கோடு கிழித்துக் காட்டலாம், கீறல் விழும். அது குவார்ட்ஸ், கண்ணாடியைவிடக் கடினமானது. சுண்ணாம்புச் சரளையின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்துப் பொங்கும். அமிலம் பட்டதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. பார்ப்பதற்கு இரண்டும் வெள்ளைக் கல்தான். சோதித்தால்தான் வேறு என்று தெரியும். கனிமங்களைப் பிரித்தறியும் முறையின் தொடக்கமே இதுதான்.

காங்கேயத்தை அடுத்த சிவன்மலைக்குக் கோயிலுக்காக ஏறாத திருப்பூர்க் குடும்பம் குறைவு. அந்த மலைப்பகுதியின் பாறை நெஃபலின் சயனைட் என்ற அரிய வகை. சிலிக்கா குறைந்த பாறைக்குழம்பிலிருந்து உருவானதால் அதில் குவார்ட்ஸே இராது. ஹாலந்து என்ற புவியியலாளர் இதை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1901இல் வெளியிட்டது. உலகப் புவியியல் நூல்களில் இடம்பெற்ற மலையின் படிகளில் ஏறி இறங்கியும், காலுக்குக் கீழே என்ன கல் என்று கேட்காமலே பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள்.

நொய்யல் ஆற்றங்கரையில் இருக்கும் கொடுமணல் என்ற பழைய ஊர் இந்த வரிசையில் தனித்து நிற்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே பெரில், நீலக்கல், குவார்ட்ஸ் போன்ற கற்களிலிருந்து மணிகள் செய்தார்கள். இரும்பும் உருக்கினார்கள், அகழாய்வில் உலைகளே கிடைத்தன. தாதுக்கல் பூமியிலிருந்து வந்தது. அதை உருக்கிய வெப்பம் மரக்கரியிலிருந்து வந்தது. மரத்தில் சேர்ந்திருந்தது சூரியனின் ஆற்றல். ஒரே உலையில் புவி அறிவியலும் ஆற்றல் பாடமும் சந்திக்கின்றன.

அடுத்தது காற்று. நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். இரண்டுக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை சட்டென்று தாழ்ந்து, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. கோடையில் நிலம் கடலைவிட அதிகமாகச் சூடாகிறது, அதனால் கடல்காற்று நிலத்தை நோக்கி வருகிறது. மலை மறிக்கும் இடங்களில் அது மேலேறிக் குளிர்ந்து மழையாகிறது. வால்பாறை நனைவதும் திருப்பூர் காய்வதும் இதனால்தான். கணவாயில் மறிப்பு இல்லாததால், பாதி சாத்திய கதவின் இடுக்கில் பாய்வதுபோல் காற்று வேகமெடுக்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தக் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. பனியன் கம்பெனிக்காரர்கள் பலரும் சொந்தமாகக் காற்றாலை வைத்திருக்கிறார்கள். ராயபுரத்தில் ஓடும் ஓவர்லாக் மெஷினின் மோட்டாரைச் சுற்றும் மின்சாரத்தில் அரபிக்கடல் காற்றுக்கும் பங்கு உண்டு என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

இதை மேசை மேலேயே செய்து காட்டலாம். பழைய பொம்மைக் காரிலிருந்து எடுத்த சிறிய மோட்டாரின் இரு முனைகளிலும் ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கை இணைத்து, அச்சில் நூலைச் சுற்றி வேகமாக இழுத்தால் விளக்கு மினுங்கும். மினுங்கவில்லை என்றால் இணைப்பைத் திருப்பிப் போட வேண்டும். மின்சாரம் கொடுத்தால் சுற்றும் அதே மோட்டார், சுற்றினால் மின்சாரம் கொடுக்கிறது. ஆற்றல் உருவாவதும் இல்லை, அழிவதும் இல்லை, ஒன்று இன்னொன்றாக மாறுகிறது என்ற விதியை இதற்குப் பிறகு சொன்னால் பதியும். முன்னாலேயே சொன்னால் மனப்பாடம்தான்.

காற்று நின்றால் என்ன செய்வது என்ற கேள்வி வகுப்பில் வரும், வர வேண்டும். விடை ஆனைமலையில் இருக்கிறது. காடம்பாறை நீரேற்று மின்நிலையத்தில் 100 மெகாவாட் திறனுள்ள நான்கு எந்திரங்கள் உள்ளன. மின்தேவை குறைவான நேரத்தில் கீழே இருக்கும் மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மேலே இறைக்கிறார்கள். தேவை கூடும்போது அதையே கீழே பாய்ச்சி மின்சாரம் எடுக்கிறார்கள். உயரத்தில் நிற்கும் தண்ணீரில் இருப்பது நிலையாற்றல், பாயும்போது இயக்க ஆற்றல்.

அளவு தெரியாவிட்டால் ஆற்றல் வெறும் சொல்லாகவே நின்றுவிடும். மின்கட்டணத்தில் வரும் ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் ஆற்றல்: 36 லட்சம் ஜூல். அதே ஒரு யூனிட்டில் 9 வாட் எல்.இ.டி. பல்ப் 111 மணி நேரம் எரியும். வெப்பம் உண்டாக்கும் கருவிகள் மின்சாரத்தை எவ்வளவு தின்னும் என்பது வீட்டு மின்கட்டண அட்டையை வைத்துக் கணக்குப் போட்டாலே விளங்கிவிடும்.

இந்தக் கணக்கு தெரிந்தபின் நொய்யலுக்கு வரலாம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, திருப்பூரை ஊடறுத்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு இது. பருத்தித் துணியில் சாயம் ஏற நிறைய உப்பு வேண்டும். துணியில் சாயம் நிற்கும், உப்பு தண்ணீரோடு போகும். பல ஆண்டுகள் அது ஆற்றில் போனது. பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவே தேங்கியது. கீழே இருந்த வயல்களும் கிணறுகளும் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. இன்று கழிவுநீரைச் சவ்வுகள் வழியே வடிகட்டி, எஞ்சியதை ஆவியாக்கி, உப்பைப் பிரித்தெடுத்துத் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி.

இதைப் பள்ளியின் மொட்டைமாடியில் செய்து பார்க்கலாம். அகலமான பாத்திரத்தில் உப்பும் துளி சாயமும் கலந்த தண்ணீர், நடுவில் ஒரு கிண்ணம், மேலே பிளாஸ்டிக் தாள், தாளின் நடுவில் கிண்ணத்துக்கு நேராக ஒரு சிறு கல். வெயிலில் வைத்தால் மாலைக்குள் கிண்ணத்தில் நிறமற்ற நீர் சொட்டியிருக்கும். உப்பும் சாயமும் பாத்திரத்திலேயே நிற்கும். வெயில் இலவசம். சுத்திகரிப்பு ஆலையின் பாய்லர் இலவசமில்லை. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுவதும் ஆவியாக்க ஏறக்குறைய 0.7 யூனிட் ஆற்றல் வேண்டும். ஆலைகள் ஒரு கலத்தின் நீராவியை அடுத்த கலத்தைச் சூடாக்கப் பயன்படுத்தி இந்தச் செலவைக் குறைக்கின்றன. அப்படியும், கெட்ட தண்ணீரைத் திருத்த விறகும் மின்சாரமும் செலவாகின்றன. ஆற்றைக் கெடுப்பது எளிது, திருத்துவதற்கு ஆற்றல் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் சொல்லாது.

கற்பிப்பவர்களுக்குத் துணை இல்லாமல் இல்லை. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காக 2022 நவம்பர் 28இல் தொடங்கிய வானவில் மன்றம், சோதனைப் பொருள்களோடு பள்ளிக்கே வருகிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழ் 1980களிலிருந்து சிறுவர்களுக்கு அறிவியல் சொல்லிவருகிறது. ஒடியாவும் இந்தியும் பேசும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் திருப்பூர் வகுப்புகளில் நிறைய. அவர்களுக்கு விளக்கவுரையைவிடச் செய்துபார்ப்பதே முதலில் புரியும்.

ஆசிரியர்கள் செய்ய வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு. பாடத்தைப் புத்தக வரிசையில் நடத்தாமல் பருவத்தோடு நடத்த வேண்டும். பள்ளி திறக்கும் ஜூனில் காற்று தொடங்கிவிடுகிறது. காற்றையும் மின்சாரத்தையும் ஆடி முடிவதற்குள் முடித்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையில் நொய்யலில் தண்ணீர் ஓடும். ஆறும் மண்ணும் அப்போது. வெயில் ஏறும் மாசியில் ஆவியாக்கல் சோதனை. சாயப்பட்டறை முதலாளிகளும் ஆண்டுக்கு ஒரு நாள், உரிய பாதுகாப்போடு, பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தங்கள் சுத்திகரிப்பு நிலையத்தின் கதவைத் திறந்துவிட வேண்டும்.