ஒப்பாரிக் கோச்சி

மலையகத்திலிருந்து தலைமன்னார்க் கப்பலுக்கு ஆட்களை ஏற்றிப் போன ரயிலை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றுதான் தோட்டத்தில் சொன்னார்கள். பசறை, லுணுகலை, தெமோதரைப் பக்கத்து லயங்களிலிருந்தும் அதில் ஏறிப் போனவர்கள் உண்டு.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் அவர்களைப் பங்கு போட்டார்கள்: 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தேயிலையைக்கூடத் தரம் பார்த்துத்தான் பிரிப்பார்கள். இங்கே தலையை எண்ணினால் போதுமாக இருந்தது.

1961இல் பெர்லினில் எழுந்த சுவரை உலகமே பார்த்தது. நம் எல்லை விண்ணப்பப் படிவத்துக்குள் ஒளிந்திருந்ததால் நேராக வீட்டுக்குள் வந்துவிட்டது. அண்ணன் இந்தியாவுக்கு எழுதிப் போட்டிருப்பான், தம்பி இலங்கைக்கு. கட்டிக்கொடுத்த மகள் புருஷனோடு போய்விடுவாள், பெற்றவர்கள் லயத்தில் நிற்பார்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்களும் ‘ஊருக்குப் போறோம்’ என்று சொல்லிக்கொண்டே கிளம்பினார்கள்.

கிளம்பும் நாளில் சோறு ஒரு காம்பராவில் வேகும், சாமான் இன்னொன்றில் கட்டப்படும். தூக்க முடியாத அம்மியும் ஆட்டுக்கல்லும் பக்கத்து வீட்டுக்குக் கைமாறும். ஸ்டேஷனில் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு, செத்த வீட்டில் வைப்பது போலவே ஒப்பாரி வைத்தார்கள், போகிறவர் உயிரோடு முன்னால் நிற்கும்போதே. எனக்கு இது மிகையாகப் படவில்லை. இனி முகம் பார்ப்பது நிச்சயமில்லை என்று அவர்களுக்குத் தெரியும், பலர் பார்க்கவுமில்லை.

இராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம் வழியாகப் போனவர்களில் பலருக்குக் கிடைத்தது மறுபடியும் தேயிலைதான். நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இவர்களுக்காகவே தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. இங்கே ‘கள்ளத்தோணி’ என்று ஏச்சு வாங்கியவர் அங்கே ‘சிலோன்காரர்’ ஆனார். 1983 கலவரத்துக்குப் பின் போர் மூண்டது, கப்பலும் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துவிட்டுப் போக முடியாமற்போனவர்கள், பிறந்த தோட்டத்திலேயே அந்நியராக இருந்தார்கள். அவர்கள் இலங்கைக் குடியுரிமை பெற வழிவிட்ட சட்டம் 2003இல்தான் வந்தது.

அன்று தாயின் இடுப்பில் போன பிள்ளைகள்கூட இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். பிரிந்தவரின் பெயர், தோட்டம், டிவிஷன், கோச்சி ஏறிய ஆண்டு எல்லாம் பல குடும்பங்களில் பெரியவர்களின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கின்றன. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். கோத்தகிரியிலிருந்து வந்த பழைய கடிதம் ஏதும் பெட்டியில் கிடந்தால், அதன் பின்பக்க விலாசத்தையும் சேர்த்து எழுதுங்கள்.